சத்தம் போட ஒரு வருஷ ஒப்பந்தம்

பதுளையில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறவள் நான். படியேறி வருகிற ஆளைப் பார்த்தே இவர் வாங்குவாரா, வெறுமனே துணியைக் கலைத்துப்போட்டுவிட்டுப் போவாரா என்று சொல்லிவிடுவேன். என்னிடமே ஒருவர் ஒரு வருஷத்து ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் சும்மா போட்டுவிடுவேனா?

கேட்டவர் கராத்தே மாஸ்டர். பஜாரில் ஒரு இரும்புக்கடைக்கு மேல் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு. அவரிடம் படிக்கிற பிள்ளைகள் ஒரு நாள் பாடசாலைக்கு வந்து ஓடு உடைத்துக் காட்டியதிலிருந்து என் மகள் அதே பைத்தியமாகத் திரிந்தாள். அவளுக்குப் பதினொரு வயது. வீட்டுக்காரர் கொழும்பில் வேலை. நானும் அவளும் தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் ஒன்றில் இருக்கிறோம். பஸ்ஸை விட்டு இறங்கினால் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. நான் கடையில் இருக்கிற நேரத்தில் பிள்ளை அதில் தனியாகத்தான் வர வேண்டும். படித்துக்கொள்ளட்டும் என்று எனக்கும் ஆசைதான்.

ஆனால் அந்தத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. "ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லுங்க, நான் நிக்கிறேன்" என்றேன். மாஸ்டர் பொறுமையான மனுஷன். மாதக் கட்டணம் தனி, பெல்ட் பரீட்சைக்குத் தனி, உடுப்பு அவரிடம்தான் வாங்க வேண்டும், வருஷம் முடியுமுன் நின்றால் மிச்ச மாதங்களுக்கும் கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

"பிள்ளைக்குக் காய்ச்சல்னு ரெண்டு மாசம் வரலைன்னா?"

"அப்பவும் கட்டணுங்க."

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா?"

அவர் சிரித்தார். அதற்கு அந்தத் தாளில் பதில் இல்லை. உடுப்பை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்து, "இது ஒரு தடவ தோய்ச்சாலே சுருங்கிரும், பெரிசா குடுங்க" என்றேன். மகள் வெட்கத்தில் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கடைசியில், ஒரு மாதத்துக்கு மட்டும் காசு கட்டிப் பார்ப்பது, பிடித்தால் கையெழுத்து என்று பேசி முடித்தேன்.

அந்த மாதம் ஒரு வகுப்பு விடாமல் போய் மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். சொல்லிக் கொடுப்பதில் குறையில்லை. மகளுக்கும் கால் நன்றாக எழும்பியது. மாதக் கடைசியில் மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"காலு, கை எல்லாம் சரியா வருது. சத்தம்தான் வரல."

குத்தும்போது வயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட வேண்டும். மற்றப் பிள்ளைகள் போடுகிற சத்தத்தில் கீழே இரும்புக்கடைக்காரர் அண்ணாந்து பார்ப்பார். என் மகள் மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"அடி ரெண்டாவதுங்க. சத்தம்தான் முதல்ல. அடிக்க வர்றவன் பயப்படணும், பக்கத்துல இருக்கிறவன் ஓடி வரணும். இந்தப் பிள்ளைக்கு அது வர நாளாகும். ஒரு வருஷத்துக்கே போட்டுருங்க."

இதெல்லாம் எனக்குத் தெரியாத வித்தையா? சேலை வாங்க வந்தவளிடம், இதற்குப் பொருத்தமாகப் பாவாடை இல்லையே என்று கவலைப்படுவது எங்கள் தொழில். இல்லாத குறையைக் காட்டி விற்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஆனால் பக்கத்தில் இருக்கிறவன் ஓடி வரணும் என்றாரே, அது எனக்குள் போய்க் குத்திவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அதுவும் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் "என்ன, சளியா?" என்று கேட்பார்கள். அதனால் எங்கள் பெண்பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே 'மெதுவா' என்ற சொல்லையும் பழகிவிடுவார்கள். சிரித்தால் மெதுவா, அழுதால் மெதுவா, அப்பா அடித்தாலும் மெதுவா. என் மகளையும் நான் அப்படித்தான் வளர்த்தேன். வேறு எப்படி வளர்ப்பது என்று எனக்குத் தெரியாது.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். எங்கள் லயத்திலேயே கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் காம்பரா, அதை அடுத்து ஒரு அத்தையின் காம்பரா, அதற்கும் அடுத்த கடைசிக் காம்பரா அக்காவுடையது. உறவில்லை என்றாலும் நடுவில் இருந்தவளை அத்தை என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணத்தன்றைக்கு அம்மா அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னது என் காதில் விழுந்தது. "என்ன நடந்தாலும் சத்தம் வெளிய போகக் கூடாது. லயமே கேக்கும்."

அக்கா அம்மா சொன்னபடியே இருந்தாள். கையில் காயம் இருந்தால் கொழுந்து பறிக்கையில் தேயிலைக் குச்சி கீறியது என்பாள். அவள் பேச்சை நம்பினோமா, நம்புவது வசதி என்று விட்டோமா, தெரியவில்லை. ஒரு விடியற்காலையில் அவள் புருஷன் வந்து, மலைத்தண்ணீர் விழுகிற பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனவள் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான். பதுளை ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்கவே இல்லை. பீலியில் விழுந்தவளுக்கு முதுகெல்லாம் எப்படி அப்படிக் கன்றிப்போகும்? கேட்க ஆளில்லை. அவன் மொனராகலைப் பக்கம் போய்விட்டான்.

சாவு வீட்டில் அத்தை மாரில் அடித்துக்கொண்டு, "ஒரு சத்தங்கூடக் கேக்கலையே" என்று அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருமல் கேட்கிற சுவரில் அடி கேட்காதா? பொய்க்காரி, கேட்டும் கேட்காத மாதிரி படுத்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை. எனக்குக் கல்யாணமாகி, அம்மா போய், அதே காம்பராவில் நானே குடும்பம் நடத்த ஆரம்பித்த பிறகும் பேசவில்லை. ஒரே பீலியில் தண்ணீர் பிடிப்போம், முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அதற்கப்புறம் அக்காவின் கடைசிக் காம்பராவுக்கு யாரும் குடிவரவில்லை. பூட்டியே கிடக்கிறது. ஆனாலும் ரொட்டி சுடும்போது, துணி மடிக்கும்போது, என் காது தானாக அந்தப் பக்கம் போய்விடும். அக்கா அங்கேயே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றும். அந்தப் பக்கத்தில் ஒன்றும் கேட்காதபோதுதான் எனக்குப் பயமாக இருக்கும்.

மாஸ்டருக்குப் பதில் சொல்லாமலே அந்த வாரம் போய்க்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் அடுப்பில் ரொட்டி போட்டிருந்தேன். மகள் காம்பரா நடுவில் நின்று காற்றைக் குத்திப் பழகிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல வாய் மட்டும் திறந்து மூடியது. திடீரென்று என்ன வந்ததோ, கத்தினாள். அடிவயிற்றிலிருந்து வந்த கத்தல். கூரைத் தகரம் அதிர்ந்தது. என் வாயில் "மெதுவா" என்று வந்தது, அதைச் சொல்லி முடிக்கக்கூட நேரமில்லை.

கதவை உடைக்கிற மாதிரித் தள்ளிக்கொண்டு அத்தை உள்ளே வந்தாள். கையில் விறகு வெட்டுகிற கத்தி. ஒரு காலில்தான் செருப்பு.

"எவன்டி உள்ள?"

அவளுக்குப் பின்னால் லயமே நின்றது. ஒருத்தி கையில் அகப்பை, ஒருவர் குளித்த ஈரத்தோடு. மகள்தான், "யாருமில்ல, நான் கராத்தே பழகினேன்" என்றாள். வந்தவர்கள் திட்டினார்கள், பிறகு சிரித்தார்கள். பாப்பா இருக்கையில் இனி நம்ம லயத்துக்கு நாய் வேண்டியதில்லை என்று கேலி பண்ணிக்கொண்டே கலைந்தார்கள்.

அத்தை மட்டும் போகவில்லை. அடுப்புப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. கத்தியைக் கீழே வைக்கப் பார்த்தாள், விரல் விரியவில்லை. என் மகள்தான் மெல்லப் பிரித்து எடுத்தாள்.

"அன்னைக்கும் இப்படி ஒரு சத்தம் கேட்டிருந்தா வந்திருப்பேன், பிள்ள" என்றாள் அத்தை. "சாமி சத்தியமா, தூக்கத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல."

ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று இத்தனை நாள் பீற்றிக்கொண்டவள் நான். பொய்யில்லை என்று தெரிந்தது. ரொட்டி கருகிப் புகைந்தது, எடுக்கத் தோன்றவில்லை. அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். ஒப்பந்தமாகப் பார்த்தால் அது மோசமான ஒப்பந்தம். யார் கேட்டாலும் போடாதே என்றுதான் சொல்வேன். எனக்கு அந்த விலை அதிகமில்லை.

அத்தையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவரைக்கும் எனக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கிறது. இப்போது அதுவும் இல்லை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், கத்தியை எடுத்துக்கொண்டு ஓடி வருகிற ஒருத்தி படுத்திருந்தாள். கூப்பிட்டால் அவள் வருவாள் என்று அக்காவுக்கு நாங்கள் யாரும் சொல்லவில்லை.