நனைத்துப் பார்த்த சன்னல் மரம்

உத்தமபாளையத்தில் ஜெய்த்தூன் பீவியிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்தால், துணியை முதலில் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுவார். “சுருங்குறதெல்லாம் இப்பவே சுருங்கிரட்டும்” என்பார். 2001இல் சொந்த வீடு கட்டியபோது, சன்னல் மரத்தையும் அவர் அப்படியே சோதிப்பார் என்று கணவர் முகைதீன் நினைக்கவில்லை.

அதுவரை குடியிருந்த வாடகை வீட்டில், ஆனி ஆடிச் சாரலுக்குச் சன்னல் கதவுகள் ஊதிப்போய்ச் சாத்த வராது. வெயில் வந்ததும் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விடும். பதினொரு வருசம் அதோடு மல்லுக்கட்டியவர் ஜெய்த்தூன்.

“தேக்குன்னு சொல்லிருங்க பாயம்மா. கண்ண மூடிக்கிட்டுப் போட்டுரலாம்” என்றார் தச்சர் குருசாமி.

“கண்ண மூடிக்கிட்டு நான் ஒரு கைக்குட்டைகூட வெட்டுனதில்லண்ணே.”

கம்பத்து மரக்கடைக்கு ஜெய்த்தூனே போய், தேக்கு, வேம்பு, வேங்கை, பலா என வகைக்கு ஒரு துண்டு வாங்கி வந்தார். ஒவ்வொன்றையும் தாளில் வைத்துச் சுற்றிலும் கோடு போட்டுக்கொண்டார். பிறகு ஒரு நாள் அண்டாத் தண்ணீரில், மறுநாள் மொட்டைமாடி வெயிலில் என்று மாற்றி மாற்றிப் போட்டார்.

இது தெரியாத முகைதீன், துண்டுகள் மாடியில் காய்ந்த ஒரு நாள், ஒரு கல்யாணத்துக்குப் போட வைத்திருந்த வெள்ளைச் சட்டையை அந்த அண்டாவிலேயே முக்கிவிட்டார். சட்டை தேநீர் நிறத்தில் வெளியே வந்தது. வேங்கை சாயம் விட்டிருந்தது.

“ஒங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. சுவத்துக்குத்தான் ஆகாது” என்றார் ஜெய்த்தூன்.

வேறு வழியில்லாமல் அதையே போட்டுக்கொண்டு போனார் முகைதீன். எந்தக் கடைச் சட்டை என்று பந்தியில் இரண்டு பேர் விசாரித்தார்களாம்.

நாற்பது நாள் கழித்து, ஜெய்த்தூன் குருசாமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துண்டுகளைத் தாளின் கோட்டுக்கு நேரே வைத்துப் பார்த்தார். வேம்பு வெடித்திருந்தது. கடையில் கொடுத்த தேக்கு இளமரம்; வயிரம் பாயாத வெள்ளை ஓரத்துப் பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தது. பலா மட்டும் கோட்டை விட்டு விலகவில்லை.

“வயிரம் பாஞ்ச தேக்கு இப்பிடி முறுக்காது பாயம்மா.”

“அது இந்தக் கடையில இல்லையேண்ணே. இருக்கறதுலதானே எடுக்கணும்.”

குருசாமி பலாத்துண்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “மழை கொட்டுற குமுளிப் பக்கம் இதுலதான் சன்னல் போடுறாக. நாந்தான் யோசிக்காம இருந்துட்டேன்” என்று ஒத்துக்கொண்டார். நன்றாகக் காய்ந்த பலாவாகத் தேடி எடுத்து வந்து ஆறு சன்னலையும் அவரே இழைத்தார்.

அடுத்த ஆனியில் முதல் சாரல் அடித்தபோது, ஜெய்த்தூன் ஆறையும் சாத்தினார். மறுபடி திறந்து, மறுபடி சாத்தினார். தையல் வேலை அன்று நடக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ரவிக்கையோடு வந்தவர்கள், சன்னலுக்கு என்ன மரம் போடலாம் என்றும் கேட்டுப் போனார்கள். பொட்டிப்புரத்துப் பஞ்சம்மாள் வீட்டைச் சுற்றி அகலமான தாழ்வாரம் இருந்ததால், “சாரலும் படாது, வெயிலும் படாது. ஒங்க தோட்டத்து வேம்பே போதும், நல்லாக் காயவிடுங்க” என்று சொல்லி அனுப்பினார்.

2008இல் ஒருநாள் குருசாமி செல்போனில் கூப்பிட்டார். “பாயம்மா, வருசநாட்டுல ஒரு வீடு. மேக்கு பாத்த சன்னல். என்ன மரம் போடட்டும்?”

“வீட்டப் பாக்காம எப்பிடிச் சொல்ல? காலையில மொத பஸ்ஸுக்கு வர்றேன், அங்கனயே நில்லுங்க” என்றார் ஜெய்த்தூன்.