ஜன்னலைத் திறந்து ஓட்டச் சொன்னவர்

ஒரு சார்ஜுக்கு நானூறு கிலோமீட்டர் ஓடும் என்று சொல்லித்தான் இந்த எலெக்ட்ரிக் காரை என் தலையில் கட்டினார்கள். இதுவரை இருநூற்றைம்பதைத் தாண்டியதே இல்லை.

இன்று காலை சர்வீஸ் சென்டருக்குப் போய்க் கேட்டேன்.

"எத்தனை பேர் சார் போவீங்க?" என்றார் அங்கிருந்த அட்வைசர்.

"அஞ்சு பேரு. அஞ்சு சீட்டு வண்டின்னுதானே குடுத்தீங்க?"

"ஏசி போடுவீங்களா?"

"வூடு மணலியில, ரிஃபைனரி பக்கத்துல கீது சார். போடாம இன்னா பண்றது?"

"அதான் பிரச்சினை. ஏசியை ஆஃப் பண்ணிட்டு, ஜன்னலைத் திறந்து ஓட்டுங்க. சொன்ன கிலோமீட்டர் கிடைக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்களே வந்து ஓட்டிக் காட்டுங்க" என்று அவரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன்.

நான்கு ஜன்னலையும் இறக்கிவிட்டு ஜோராகத்தான் கிளம்பினார். மணலி ரோட்டில் டேங்கர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். நாற்றம் உள்ளே வந்து உட்கார்ந்தது. இரண்டு முறை இருமினார். பிறகு ஜன்னல்களை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டார்.

"இன்னா சார், ஏசி ஓடிக்கினு கீதே?" என்றேன்.

"ரெண்டு நிமிஷம்தான் சார்" என்றார். திரும்பி வரும் வரை அணைக்கவில்லை.

அந்த நானூறு கிலோமீட்டரை எந்த ஊர்க் காற்றில் ஓட்டி அளந்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், குடும்பத்தோடு அங்கேயே குடிபோய்விடுகிறேன்.