பாசிர் கூடாங் – மெர்சிங்: வழியில் ஒரு கரி பிடித்த வால்வு

பெண்பிள்ளை தனியாகத் தூரம் ஓட்டினால் வண்டி கெட்டுப்போகும் என்று என் அண்ணன் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் இறந்தபின் அவருடைய டீசல் பிக்கப் என் பெயருக்கு வந்தது. அண்ணன் பேச்சைக் கேட்டு அதை வீடு, ஃபேக்டரி, மார்க்கெட் என்று பாசிர் கூடாங்குக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தேன். ஃபேக்டரி நான்கு கிலோமீட்டர்தான். போன மாதம் என்ஜின் விளக்கு எரிந்ததுமே, வண்டியை வாங்க அண்ணன் ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சனிக்கிழம மெர்சிங் போய்ட்டு வரேன். இழுத்துட்டு வர மாதிரி ஆச்சுனா வித்துடுங்க. ஓட்டிட்டு வந்துட்டேன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றேன். அண்ணன் சிரித்துக்கொண்டே சரி என்றார். மெர்சிங்கில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. கடல் இருக்கிறது, அது போதும்.

எங்கள் வீட்டிலிருந்து மெர்சிங் சுமார் 140 கிலோமீட்டர், நிற்காமல் போனால் இரண்டரை மணி நேரம். காலை ஆறரைக்குக் கிளம்பி, கோத்தா திங்கியில் தோசையும் நுரை ததும்பும் தே தாரிக் டீயும் முடித்தேன், ஏழு ரிங்கிட். அதற்குப் பிறகு இருபக்கமும் செம்பனைத் தோட்டம்தான். யானை கடக்கும் இடம் என்று பலகை இருக்கும், அலட்சியம் வேண்டாம். பெட்ரோல் நிலையங்களும் குறைவு, கோத்தா திங்கியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

வழியில் வரும் ஜெமாலுவாங்குக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும்போது, ஒரு மேட்டில் வண்டி இழுக்க மறுத்தது. விளக்கு மறுபடி எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. ஓரம் கட்டினேன். நின்ற இடத்திலும் என்ஜின் குலுங்கியது.

நான் வண்டி பழுதுபார்க்கும் போமென் இல்லை. பிளாஸ்டிக் ஃபேக்டரியில் மோல்டிங் மெஷின் பார்க்கிறவள். ஆனாலும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காற்று ஃபில்டர் சுத்தம். டர்போ குழாயில் கிழிசல் இல்லை. டீசல் வராமல் போனால் இவ்வளவு கரும்புகை வராது. கைப்பேசியோடு சேரும் சின்ன ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகியதும் சொல்லிவிட்டது: இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது. என்ஜின் கக்கும் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்புவது அந்த வால்வு. எப்போதும் திறந்தே கிடந்தால் என்ஜினுக்கு மூச்சு முட்டும்.

ஐம்பதிலேயே உருட்டி ஜெமாலுவாங் போய்ச் சேர்ந்தேன். அங்கே ராஜு என்பவரின் வொர்க்‌ஷாப் திறந்திருந்தது. அவர் பார்த்த உடனே சொன்னார், "தகடு வச்சு அடைச்சிடலாம்கா. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க லா."

"எல்லாரும் செய்யட்டும். நீங்க கழட்டுங்க, கழுவுவோம்."

ஃபேக்டரிகள் நிறைந்த பாசிர் கூடாங்கில் குடியிருப்பவளுக்குப் புகை மேல் தனிக் கோபம் உண்டு. வால்வை அடைத்தால் வெளியே போகும் புகையில் நச்சு கூடும்; என் பங்குக்கும் அங்கே ஒரு புகைக்குழாய் வேண்டாம்.

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். உள்ளே தார் மாதிரி கரி அப்பிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் மெஷினையும் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் பிளாஸ்டிக் உள்ளேயே கருகி ஒட்டிக்கொள்ளும். நான்கு கிலோமீட்டரில் இந்த என்ஜின் எங்கே சூடேறும்?

"கிட்டவே ஓட்டித்தான் இப்படி ஆச்சு, இல்லயா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. டீசல் வண்டிக்கு ஓட்டம் வேணும். வீட்டுல கட்டிப் போட்டா அவ்ளோதான்."

இரண்டு வருடம் பத்திரம் பத்திரம் என்று சொல்லியே கெடுத்திருக்கிறோம். நானும் தலையாட்டியிருக்கிறேனே என்று எரிச்சலாக இருந்தது.

கரியைக் கரைக்கும் கார்ப் கிளீனர் அடித்து, ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் நானே தேய்த்தேன். பாதியில் அண்ணன் கைப்பேசியில் கூப்பிட்டார்.

"நின்னுட்டியா?"

"நிக்கலண்ணே. நிறுத்தியிருக்கேன்."

விரலால் அழுத்தினால் வால்வு உள்ளே போய்த் தானாகத் திரும்பும் வரை தேய்த்தோம். புது கேஸ்கட் வைத்துப் பூட்டி, ஸ்கேனரில் பழைய பிழையை அழித்தோம். குலுக்கல் நின்றது. இரண்டு மணி நேர வேலை, எல்லாம் சேர்த்து 105 ரிங்கிட். மெர்சிங்கில் கடலைப் பார்த்தபடி புளிப்பும் காரமுமாக மீன் அசாம் பெடாஸ் சாப்பிட்டேன், பதினெட்டு ரிங்கிட். நகக்கண்ணில் கரி அப்படியே இருந்தது. திரும்பும்போது அதே மேட்டில் ஒரு லாரியை முந்தினேன், விளக்கு எரியவில்லை.

ஆறு மணிக்கு வீட்டு வாசலில் அண்ணனும் வாங்க வந்தவரும் நின்றார்கள்.

"வண்டி ஓடுதா?" என்றார் அண்ணன்.

"ஓடுது."

"அப்ப இன்னும் நல்ல வெலைக்குப் போகும்."

சாவியைக் கைப்பையில் போட்டு ஸிப்பை இழுத்தேன். "பேசினது பேசினதுதாண்ணே. உக்காருங்க, டீ போடறேன்." வந்தவர் டீயைக் குடித்துவிட்டு, வந்த பைக்கிலேயே போனார்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: விளக்கு எரிந்தால் பிழையை மட்டும் அழித்துவிட்டு ஓட்டாதீர்கள். புது வால்வு வாங்குமுன் கழற்றிக் கழுவிப் பாருங்கள். என்ஜின் ஆறிய பிறகே கை வையுங்கள், கிளீனர் கண்ணில் படக் கூடாது. வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். தனியாக எங்கே போகிறாய் என்று வீட்டில் யாராவது கேட்டால், கரி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.