சீரியஸ் பல்பு

தெருவில் அவருக்கு மீட்டர்க்காரர் என்று பெயர். ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் என்று எது பழுதாகி அவர் வீட்டு முன்னறைக் கடைக்கு வந்தாலும் முதலில் தன் பழைய வால்வு வோல்ட்மீட்டரின் முள்ளைத்தான் பார்ப்பார். அப்புறம்தான் கொண்டுவந்தவர் முகத்தை. முள் பொய் சொல்லாது, மனுஷன் சொல்வான் என்பது அவர் கட்சி.

அந்த மீட்டரே ஒருநாள் கருகல் நாற்றத்தோடு படுத்துவிட்டது. உள்ளே இருந்த டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. பட்ட காலிலே படும் என்பார்களே, கண் டாக்டரும் அப்போதுதான் கையை விரித்திருந்தார்: நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை போனதுதான், கரண்டில் கை வைக்கிற வேலை இனி வேண்டாம் என்று. கேட்கிற ஆளா அவர்?

"என் கண்ணு விரல் நுனியில இருக்கு" என்றார் மனைவியிடம்.

"அந்த விரலைத்தான் போன வாரம் கரண்ட் தூக்கி அடிச்சுது. சுவர்ல போய் விழுந்தீங்க."

"சரி, பந்தயம். இந்த மீட்டரை நானே சரிபண்றேன். ஓடிச்சுன்னா கண்ணைப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது. ஓடலைன்னா கடைச் சாவி உன் கையில."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

காயில் சுற்றுகிறவரிடம் அதே அளவில் புது டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று செய்து வாங்கியிருந்தார். கரண்ட் நுழைகிற பக்கத்தில் தனித்தனியாக இரண்டு கம்பிச் சுருள். ஒன்றின் வால் முனையை மற்றதன் தலை முனையோடு சேர்க்க வேண்டும். வாலை வாலோடு சேர்த்தால் போச்சு, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எரிந்துபோகும். தலைக்குப் பச்சை ஒயர், வாலுக்கு நீலம். வீம்புக்காரர், நிறத்தை மனைவியிடம் கேட்பாரா? ஜன்னலோரம் கொண்டுபோய் மூக்கில் படுகிற அளவுக்குப் பிடித்துப் பார்த்தார். பச்சை என்று மனசு சொன்னதைப் பச்சை என்று வைத்துப் பற்றவைத்தார்.

புதிதாகப் பொருத்திய எதற்கும் அவர் நேரடியாகக் கரண்ட் கொடுப்பதில்லை. நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோர்ப்பார். உள்ளே ஏதாவது தப்பு என்றால் பல்பு பளிச்சென்று எரியும். எல்லாம் சரி என்றால் மங்கலாக எரியும். வரிசையில், அதாவது சீரீஸில் கோர்ப்பதால் கடைப் பேச்சில் சீரியஸ் பல்பு என்று அதற்குப் பெயர்.

சுவிட்சைப் போட்டார். பல்பு எரிந்தது.

"மங்கலா எரியுது, பாத்தியா?" என்று திரும்பினார். பல நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு முகத்தில் வந்திருந்தது.

அவள் பேசவில்லை. தோற்றவள் வேறு என்ன பேசுவாள் என்று நினைத்துக்கொண்டார். பல்பைக் கழற்றிவிட்டு மீட்டரை நேராகக் கரண்டில் செருகினார். உர்ரென்று ஒரு உறுமல். புகை வந்தது. பிறகு வீட்டு ஃபியூஸ் போனது.

பகலே மங்கலாகத் தெரிகிறவருக்குப் பல்பு மட்டும் பளிச்சென்று தெரியுமா? பாவி மனுஷன், அதை யோசிக்கவில்லை. இப்போது யோசித்தார். மனைவி பக்கம் திரும்பினார்.

"பல்பு எப்படி எரிஞ்சுது?"

"பளிச்சுன்னு."

"இத்தனை வருஷமா என் கூட இருக்க. அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கலை?"

"திறந்திருந்தா ஒயரை மாத்திப் போட்டு ஓட வச்சிருப்பீங்க. அப்புறம் இன்னொரு பெட்டி வரும், அதையும் பிரிச்சு உள்ள கையை விடுவீங்க. உங்களை வாரிக்கொடுக்கிறதுக்குப் பதிலா இந்த மீட்டர் போகட்டும்னு விட்டுட்டேன்."

கோபம் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. துக்கம்தான் வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இன்னும் கொஞ்ச நாள் நான் மெக்கானிக்கா இருந்திருப்பேன்."

"இருந்திருப்பீங்க" என்றாள் அவள். சூடு ஆறாத சால்டரிங் அயனை எடுத்து, அவர் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள்.