காளீஸ்வரியின் கியர்பாக்ஸ்

பள்ளத்தூர் காளீஸ்வரியின் பழைய பிக்கப் வண்டி இரண்டாம் கியருக்கு மாறினால், கோவிலூர் மடத்தில் தூங்குகிறவர்கள் எழுந்து உட்காருவார்கள். பொய்யென்றால் போய்க் கேட்டுப் பாருங்கள். மெக்கானிக்கோ வண்டியைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை சந்தைக்குக் கத்தரிக்காய் ஏற்ற அவளுக்கு வேறு வண்டி கிடையாது. தானே கியர்பாக்ஸை இறக்கிக் கழற்றினாள். திரும்பக் கோக்கத் தோதாக, பல்சக்கரங்களை முற்றத்தில் வரிசை மாறாமல் பரப்பிவிட்டு, புது பேரிங் வாங்கக் காரைக்குடி போனாள்.

வந்து பார்த்தால் வரிசையைக் காணோம். மாமியார் கருப்பம்மாள் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து, பித்தளைப் பாத்திரம் போலப் பெரிசிலிருந்து சிறிசாக அடுக்கியிருந்தார்.

"என்ன அத்தை, இப்படிப் பண்ணீட்டீக!"

"அழுக்கா கெடந்துச்சுத்தா. இப்பப் பாரு, சீர்வரிசையிலயே வைக்கலாம்."

காளீஸ்வரி அசரவில்லை. பளபளத்த பற்களில் தேய்ந்த தடம் இப்போது தெளிவாகத் தெரிந்தது. தடத்தோடு தடம் பொருத்தி ஜோடி சேர்த்தாள். சேராததைக் கழற்றி மறுபடி கோத்தாள். துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசும் வேலை அத்தைக்கு. புது பேரிங்கோடு கியர்பாக்ஸ் மறுபடி வண்டிக்குள் ஏறியது.

திங்களன்று கத்தரிக்காய் மூட்டைகளோடு வண்டி கிளம்பியது. முன்சீட்டிலிருந்த கருப்பம்மாள் காதைப் பொத்திக்கொண்டார்.

"ரெண்டாவது கியரு எப்பத்தா போடுவ?"

"மூணாவதே போட்டாச்சு அத்தை. கையை எடுங்க."