ஈட்டி மரத்தூள்

கட்டில் செய்யச் சொல்லச் சிங்காநல்லூர் பட்டறைக்குப் போயிருந்தேன். ஈட்டி மரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அதே ரோஜா வாசம்.

அத்தா ஈட்டியில் நகைப்பெட்டி செய்பவர். அந்த மரத்துக்குச் சாயம் வேண்டாம். உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்கக் கருஞ்சிவப்பு ரேகை தானாக எழும். தூளை வாயால் ஊதி ஊதித்தான் அதைப் பார்ப்பார். அவர் வீட்டுக்கு வந்ததும் சட்டையில் முகம் புதைப்பேன்.

"வெளியவே கழட்டிப்போட்டு வாங்க. விடிய விடிய இருமறீங்க," என்பாள் அம்மா.

"பாப்பாவுக்கு இந்த வாசம்னா உசுரு. இருந்துட்டுப் போகட்டும்."

அவர் நெஞ்சைக் கெடுத்தது அந்தத் தூள்தான் என்று டாக்டர் சொன்னபோது காலம் கடந்திருந்தது. அவரை மண்ணில் வைத்த பிறகும் எனக்கு அந்த வாசம் வெறுத்துப்போகவில்லை.

பட்டறைக்காரர் மாஸ்க் நீட்டினார். "போட்டுக்கங்க, தூளு ஆகாதுங்க."

வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, இன்னொரு முறை ஆழமாக மூச்சை இழுத்தேன்.