உயிர்: இல்லை

நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். ஆனால் ஜெயகௌரிக்குக் கதை கட்ட வராது. புருஷன் சந்திரகுமாரின் குறட்டையைப் பற்றிக்கூட உள்ளதற்கு மேல் ஒரு சொல் கூட்டிச் சொல்லத் தெரியாதவள். அதில் எங்கள் தெருவுக்கே அவள்மீது மனக்குறை உண்டு. ஆகவே, இது நடந்தது. 2006 டிசம்பர் 15, வெள்ளிக்கிழமை. பின்னேரம் மூன்று ஐம்பதுக்கும் நாலு ஐம்பத்திரண்டுக்கும் இடையில். விம்பிள்டனில், ட்ராம் பாதையை ஒட்டிய ஒரு கந்தோரின் இரண்டாம் மாடியில்.

அவளுக்கு அங்கே என்ன வேலை என்பது தெருவில் ஒருவருக்கும் சரியாக விளங்கியதில்லை. கடலடிப் படங்களைப் பார்த்து எண்ணுவது என்றாள். மேல்வீட்டு மேரிறோஸ் மன்னார்க்காரி, கடலைப் பற்றி யாரும் தனக்குச் சொல்லித்தரக் கூடாது என்கிற கட்சி. மீன் எண்ணுவதற்கும் இந்த நாட்டில் சம்பளம் கொடுக்கிறார்களா என்று சிரித்தாள். சிரித்து முடித்த கையோடு, அங்கே வேறு ஆள் எடுப்பார்களா என்றும் விசாரித்து வைத்தாள்.

உண்மையில் எண்ண வேண்டியது மீனை அல்ல, கல்லை. பசிபிக் கடலில், ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர் ஆழத்தில், கருகிய உருளைக்கிழங்கு போலக் கற்கள் சேற்றின்மேல் பரந்து கிடக்கின்றன. உள்ளே நிக்கல், கோபால்ட். அவற்றை யந்திரத்தால் வழித்து அள்ள ஒரு கம்பனிக்கு ஆசை. அதற்குமுன் அங்கே என்ன உயிர் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கப்பலிலிருந்து கமரா ஒன்றை வடத்தில் கட்டி இறக்கி இழுத்துக்கொண்டு போவார்கள். பத்துச் செக்கனுக்கு ஒரு படம். படங்கள் கட்டுக் கட்டாகக் கணினிக்கு வரும். மூலையில் நேரம் இருக்கும். ஜெயகௌரி ஒவ்வொரு படத்திலும் கல்லை எண்ணி எழுதுவாள். அதன் கீழே ‘உயிர்’ என்றொரு கட்டம். எண்ணிக்கை போடலாம், அல்லது ‘இல்லை’ என்று போடலாம். எல்லாம் முடிய மேல்தாளில் அவளுடைய கையெழுத்து. அந்தத் தாள் போனால் யந்திரம் இறங்கும்.

யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்துவிட்டு, லண்டனில் ஐந்து வருடம் சுப்பர்மார்க்கெட் கவுண்டரில் இருந்தவள். ஏஜென்சி மூலம் இந்த வேலை கிடைத்தபோது பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்தாள். மேலாளர் றமணன் ஜெர்மனியிலிருந்து வந்த நம்முடைய பெடியன். நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, முன் முடித்துக் கொடுத்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தான். ஒரு புத்திமதியும் தந்தான்.

“வடிவாத் தெரியாட்டி இல்லை எண்டு போடுங்கோ அக்கா. ஆர் கீழ போய்ப் பாக்கப் போயினம்?”

வடிவாகத்தான் தெரிந்தது. கல்லின்மேல் காம்பு வைத்து நின்ற வெள்ளைக் கடற்பஞ்சு. நூல் நூலாய்க் கை நீட்டிய நட்சத்திரமீன். வெள்ளரிக்காய் போலக் கிடந்த கடலட்டை. அவள் ‘இல்லை’ போட்டாள். மூன்று கிழமையில் பதினோராயிரம் படம். அந்த மூன்று கிழமையும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவினாள். கீழே இவள் வீட்டுக் குழாய்ச் சத்தத்தை வைத்து மேரிறோஸ் அதைக் கணக்காகக் கண்டுபிடித்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை கந்தோரில் எல்லோரும் நத்தார் விருந்துக்குப் போய்விட்டார்கள். மூன்று ஐம்பது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அறுபத்தோராம் கட்டு முடிந்தது. அதுதான் கடைசி என்று நினைத்திருந்தாள். திரையில் அறுபத்திரண்டு என்று ஒரு கட்டு கிடந்தது. றமணன் போட்டிருப்பான் என்று திறந்தாள்.

முதல் படம். நேரம் 02:18. பதினாலு கல். ஒன்றின்மேல் கடற்பஞ்சு. ‘இல்லை.’

அடுத்த படம். அதே பதினாலு கல். அதே பஞ்சு. கமரா எங்கோ சிக்கிவிட்டது போல. ‘இல்லை.’

மூன்றாவது படத்தில், ஓரத்தில் ஒரு கடலட்டை. ‘இல்லை.’

நாலாவதில் அது ஒரு சாண் கிட்ட வந்திருந்தது.

வால் பக்கம் கிழிந்த கடலட்டை. அவளுக்கு அதைத் தெரியும். பன்னிரண்டாம் கட்டில் பார்த்தது. ‘இல்லை’ என்று போட்டது. அந்த இடம் இங்கிருந்து முப்பது கிலோமீற்றர்.

நாலு எட்டு. சூடாக்கிக் குழாய் எங்கோ தட்டியது. டக்... டக்...

திரையைத் தொட்டாள். பழைய தடித்த மொனிற்றர். மத்தியானத்திலிருந்து ஓடினால் அடுப்பு மாதிரிச் சுடும்.

குளிர்ந்தது. குளிர்சாதனப் பெட்டிக்குள் கை வைத்தது போல.

அடுத்த படம். ஒரு சிவந்த இறால். அடுத்தது. இரண்டு நட்சத்திரமீன். அடுத்தது. காது முளைத்தது போலச் செட்டை வைத்த ஒரு பேய்க்கணவாய். எல்லாம் முன்பு பார்த்தவை. ‘இல்லை’... ‘இல்லை’... ‘இல்லை’...

ஒவ்வொரு ‘இல்லை’க்கும் அவை ஒரு சாண் கிட்ட வந்தன.

கடலட்டைக்கு முகம் கிடையாது. விலங்கியல் படித்தவளுக்கு அது தெரியும்.

இருந்தும்... அது பார்த்தது.

நாலு இருபத்துநாலு. றமணனுக்குப் போன் எடுத்தாள். பின்னால் பாட்டும் சிரிப்பும் கேட்டன.

“றமணன், படத்துக்க என்னவோ கிட்ட வருது.”

“இல்லை எண்டு போட்டிட்டு வாங்கோ அக்கா. கேக் வெட்டப் போயினம்.”

போட்டாள்.

அடுத்த படத்தில் சேறு இல்லை. கல் இல்லை. கண்ணாடி முழுக்க வெளிறிய சதை. அப்பியபடி.

டக்...

குழாயிலிருந்து அல்ல.

டக்... டக்...

திரைக்கு உள்ளேயிருந்து.

எழும்ப ஏலவில்லை. கை மௌஸின்மேல். ‘இல்லை’க்கு மேலே.

அப்போதுதான் அவளுக்கு அந்த மேசை ஞாபகம் வந்தது. 1996. ஓர் இராணுவ முகாம் வாசல். அண்ணனைத் தேடிப் போயிருந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்தவன் பதிவேட்டைப் புரட்டினான். “அப்படி ஒருத்தன் இல்லை.” அண்ணனின் சைக்கிள் அவன் கதிரைக்குப் பின்னால் சாத்தியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவனும் பார்த்தான். பேனையை எடுத்து, ‘இல்லை’ என்று எழுதினான்.

டக்... டக்... டக்...

ஜெயகௌரி மௌஸை விட்டாள். விசைப்பலகையில் கை வைத்தாள். கடலட்டை, ஒன்று.

தட்டல் நின்றது.

அடுத்த படம். அவை ஒரு சாண் பின்னால்.

இறால், ஒன்று. நட்சத்திரமீன், இரண்டு. பேய்க்கணவாய், ஒன்று. ஒன்றையும் விடாமல் எண்ணினாள். இருநூறு படங்களுக்குக் கிட்ட. ஒவ்வொன்றிலும் ஒவ்வொன்றாக அவை விலகிப் போயின.

நாலு ஐம்பத்திரண்டு. கடைசிப் படம். நேரம் 02:51. சேறு. பதினாலு கல். கடற்பஞ்சு.

கடற்பஞ்சு, ஒன்று.

மேல்தாளை எடுத்தாள். ‘உயிர்: இல்லை’ என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. அதைக் கோடிட்டு வெட்டினாள். ‘உண்டு. முந்திய எண்ணிக்கை முழுக்கப் பிழை. பிழையாக எண்ணியது நான்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். அப்படியே தொலைநகலில் கம்பனிக்கு அனுப்பினாள். றமணன் வந்து பார்த்திருந்தால் அந்தத் தாள் கிழிந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை வேலை போனது. தேங்காய் நேர்ந்ததை என்ன செய்வது என்று அவள் மேரிறோஸிடம் கேட்டாளாம். பாதியை உடைக்கும்படி மேரிறோஸ் சொன்னாளாம்.

அந்தத் தாளால் யந்திரம் இறங்கவில்லை. பதினோராயிரம் படத்தையும் வேறு ஆட்களைக் கொண்டு திரும்ப எண்ணச் சொன்னார்கள். கப்பல் குறிப்பேட்டையும் வரவழைத்தார்கள்.

ஜனவரி 23. றமணன் போன் எடுத்தான். குரலில் பழைய துடுக்கு இல்லை.

“அக்கா, அறுபத்திரண்டாம் கட்டு உங்களுக்கு ஆர் தந்தது?”

“நீங்கள்தானே போட்டு வச்சனீங்கள்.”

“நான் போடேல்லை. எங்களிட்ட அறுபத்தொண்டுதான் இருக்கு. உங்கட எண்ணிக்கை மட்டும்தான் கிடக்கு. படங்களைக் காணேல்லை.”

பிறகு கப்பல் குறிப்பேட்டில் அறுபத்தோராம் கட்டுக்குப் பின்னால் இருந்ததை வாசித்துக் காட்டினான். இரண்டே இரண்டு வரி.

02:17. வடம் அறுந்தது.

கமரா மேலே வரவில்லை.